டைட்டில் கார்டில் யார் பெயர்? மு. கருணாநிதியும் ஒரு பிளாக்லிஸ்ட் காலமும்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட்ல ரெண்டு சினிமா எழுத்தாளர்கள். ஒருத்தர் ஹாலிவுட்டோட டால்டன் ட்ரம்போ. இன்னொருத்தர் நம்ம மு. கருணாநிதி. முதலமைச்சர் கருணாநிதியைப் பத்தி எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கும், அதைக் கொஞ்ச நேரம் ஓரமா வெச்சிடுங்க. நாம பேசப் போறது இருபத்தஞ்சு, முப்பது வயசுல கோயம்புத்தூருக்கும் சேலத்துக்கும் சென்னைக்கும் அலைஞ்சு வசனம் எழுதின ஆளைப் பத்தி.

ட்ரம்போவுக்கும் இவருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனா 1947ல ஆரம்பிச்சு 1960 வரைக்கும் ரெண்டு பேரோட கதையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒரு கேள்வி வருது. அரசியல் பிடிக்கலைங்கிற காரணத்துக்காக ஒரு எழுத்தாளரை சினிமாவிலிருந்து துடைச்சு எடுக்கணும்னா, அதுக்கு யாரோட ஒத்துழைப்பு தேவை? அரசாங்கம் மட்டும் போதுமா?

ஹாலிவுட்: பெயரைப் பறிச்ச கதை

முதல்ல அமெரிக்கா. இரண்டாம் உலகப் போர் முடிஞ்சு ரெண்டு வருஷம். சோவியத் யூனியனோட பனிப்போர் ஆரம்பிச்சாச்சு. அமெரிக்க நாடாளுமன்றத்துல ஒரு விசாரணைக் குழு, 1947 அக்டோபர்ல ஹாலிவுட் ஆட்களை வாஷிங்டனுக்குக் கூப்பிட்டு, 'நீ கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரா?'ன்னு கேட்க ஆரம்பிக்குது. பத்துப் பேர் பதில் சொல்ல மறுத்தாங்க. 'ஹாலிவுட் பத்து'ன்னு வரலாறு இவங்களைத்தான் சொல்லுது. அதுல ஒருத்தர் ட்ரம்போ. அப்போ ஹாலிவுட்ல அதிக சம்பளம் வாங்கின திரைக்கதை எழுத்தாளர்கள்ல அவரும் ஒருத்தர்.

விசாரணைக்குப் போகும்போது ட்ரம்போ தான் எழுதின இருபது திரைக்கதைகளைக் கையோட எடுத்துட்டுப் போனார். 'என் எழுத்துல தேசத் துரோகம் எங்க இருக்குன்னு காட்டுங்க' அப்படிங்கிறதுதான் அவரோட வாதம். பக்கம் ரொம்ப அதிகம்னு சொல்லிக் குழு அதைப் பதிவுல ஏத்திக்கல. அவர் எழுதி வெச்சிருந்த அறிக்கையைப் படிக்கவும் விடல. எழுத்தாளரைக் கூப்பிட்டு வெச்சு அவர் எழுத்தைப் படிக்க மாட்டேன்னு சொன்ன விசாரணை இது.

இங்க கவனிக்க வேண்டிய விஷயம் அடுத்து நடந்தது. நவம்பர் 24 அன்னைக்கு அந்தப் பத்துப் பேர் மேலயும் அவமதிப்பு நடவடிக்கை எடுக்க நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டுச்சு. அதே சமயம் ஸ்டுடியோ முதலாளிகள் நியூயார்க்ல வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டல்ல உட்கார்ந்து, இந்தப் பத்துப் பேரையும் வேலையில வெச்சுக்க மாட்டோம், தெரிஞ்சே எந்தக் கம்யூனிஸ்டையும் சேர்த்துக்க மாட்டோம்னு ஒரு அறிக்கை தயார் பண்ணாங்க. அப்படி வேலை கொடுக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல. எந்த நீதிமன்றமும் உத்தரவு போடல. முதலாளிகளாவே எடுத்த முடிவு. பிளாக்லிஸ்ட்னா அதுதான்.

1950ல ட்ரம்போ ஜெயிலுக்குப் போனார், பத்து மாசம் போல. வெளிய வந்தப்புறம் மெக்சிகோ சிட்டிக்குக் குடும்பத்தோட குடியேறி, சொற்பக் காசுக்கு மத்தவங்க பெயர்ல எழுதினார். 1953ல வந்த 'ரோமன் ஹாலிடே' படத்தோட கதை அவருடையது. திரையில வந்த பெயர் அவரோட நண்பர் இயன் மெக்லெல்லன் ஹன்டருடையது. ஆஸ்கரும் அந்தப் பெயருக்கே போச்சு. 1957ல 'தி பிரேவ் ஒன்' படத்துக்கு 'ராபர்ட் ரிச்' அப்படின்னு ஒருத்தருக்கு ஆஸ்கர் அறிவிச்சாங்க. மேடைக்கு அந்த ஆள் வரல. எப்படி வருவார்? அப்படி ஒரு எழுத்தாளரே கிடையாது. அதுவும் ட்ரம்போதான்.

சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். கோட் எழுதினது நீங்க, கமிட் ஹிஸ்டரியில இருக்கிறது வேற ஒருத்தர் பெயர். பத்து வருஷத்துக்கும் மேல ஒரு மனுஷன் அப்படித்தான் பிழைச்சார்.

கோயம்புத்தூர்: பெயர் வராத படங்கள்

இப்போ அதே 1947, கோயம்புத்தூர் சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோ. ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த 'ராஜகுமாரி'. எம்.ஜி.ஆர். முதல் முறையா ஹீரோவா நடிச்ச படம். இயக்கம் ஏ.எஸ்.ஏ. சாமி. வசனம் எழுதக் கூப்பிடப்பட்டவர் திருவாரூர்ப் பக்கத்துல திருக்குவளையில பிறந்த 22 வயசுப் பையன். ஈரோட்டுல பெரியாரோட 'குடி அரசு' பத்திரிகையில வேலை பார்த்துட்டிருந்தவர்.

படம் வந்தப்போ வசனத்துக்கான முதல் மரியாதை இயக்குநர் பெயருக்குப் போச்சு. 'உதவி' அப்படிங்கிற இடத்துலதான் மு. கருணாநிதி. அடுத்த வருஷம், 1948ல 'அபிமன்யு'. அதுல அதுவும் இல்ல. தன் வசனம் திரையில ஒலிக்குது, பெயர் மட்டும் வரல. இந்த ஏமாற்றத்தை அவரே பின்னாடி எழுதியிருக்கார். அதுக்கப்புறம் ஊருக்குத் திரும்பிப் போனார்.

இதை அரசியல் பிளாக்லிஸ்ட்னு சொல்ல முடியாது. புது ஆள்னா உழைப்பை வாங்கிட்டுப் பெயரை விட்டுடுற தொழில் பழக்கம் இது. நான் இருக்கிறது விருத்தாசலம், பீங்கான் ஊர். இங்க செய்யற ஒரு கப்பைக் கவிழ்த்துப் பார்த்தா, அடியில கம்பெனி முத்திரை இருந்தாலும் இருக்கும். அச்சுல களிமண் கூழை ஊத்தி, காய வெச்சு, பிசிறு தேய்ச்சவங்க பெயர் இருக்காது. சினிமாவும் ஒரு தொழிற்சாலைதான். 1940கள்ல வசனகர்த்தாவுக்கு அங்க அந்த இடம்தான்.

1949: பெயருக்கு விலை வந்தது

இந்த நிலைமை ஒரே வருஷத்துல மாறுது. 1949ல அதே ஜூபிடர் பிக்சர்ஸ், அதே ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கத்துல 'வேலைக்காரி' எடுக்குது. கதை வசனம் சி.என். அண்ணாதுரை. ஜமீன்தார், கோயில், சாதி, பணம் எல்லாத்தையும் கேள்வி கேட்கிற படம். பெரிய வெற்றி. அதே வருஷம் செப்டம்பர்ல திமுக ஆரம்பிக்குது.

தயாரிப்பாளர்கள் இதுல ஒரு கணக்கைப் படிச்சாங்க. பாட்டுக்காகவும் ஹீரோவுக்காகவும் வந்த கூட்டம் இப்போ வசனத்துக்காக வருது. எழுதினவர் யாருன்னு கேட்டுட்டு வருது. அப்போ அந்தப் பெயரைப் போஸ்டர்ல பெருசாப் போட்டா டிக்கெட் விற்கும்.

அடுத்த வருஷம், 1950. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், டி.ஆர். சுந்தரம் தயாரிப்பு, 'மந்திரி குமாரி'. குண்டலகேசிக் கதையை எடுத்து கருணாநிதி எழுதினார். மேலோட்டமா ராஜா ராணிப் படம். உள்ளே பார்த்தா நாட்டை ஆட்டிப் படைக்கிறவர் ராஜகுரு, அவர் பிள்ளை கொள்ளைக்காரன். மத அதிகாரத்தைப் பத்திப் பேசணும்னா இப்படி உடை மாத்திப் பேசலாம்னு கண்டுபிடிச்சாச்சு.

படத்தை இயக்கினவர்கள்ல ஒருத்தர் எல்லிஸ் ஆர். டங்கன், ஒரு அமெரிக்கர். 1935ல இந்தியா வந்து, பதினஞ்சு வருஷம் தமிழ்ப் படங்கள் எடுத்தவர். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அவரோட நாட்டுல முன்னணி எழுத்தாளர்கள் அரசியலுக்காக ஜெயிலுக்குப் போன அதே 1950ல, அவர் சேலத்துல உட்கார்ந்து ஒரு கட்சிக்கார எழுத்தாளரோட வசனத்தைப் படம் பிடிச்சுட்டிருந்தார். அந்த வருஷமே அமெரிக்காவுக்குத் திரும்பிட்டார்.

பராசக்தி: கூண்டுல நின்னு பேசின பையன்

1952 அக்டோபர் 17, தீபாவளி. 'பராசக்தி' ரிலீஸ். நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள், ஏவிஎம் கூட்டுத் தயாரிப்பு. கிருஷ்ணன் – பஞ்சு இயக்கம். பாவலர் பாலசுந்தரத்தோட நாடகக் கதைக்குத் திரைக்கதை வசனம் கருணாநிதி. சிவாஜி கணேசனுக்கு முதல் படம்.

கதை தெரிஞ்சதுதான். ரங்கூன்ல இருக்கிற அண்ணன் தம்பிகள், மதுரையில தங்கச்சி கல்யாணி. உலகப் போர் குடும்பத்தைச் சிதறடிக்குது. புருஷன் செத்து, அப்பா செத்து, கைக்குழந்தையோட நிற்கிற பொண்ணுக்கு ஊர் என்ன செய்யுதுங்கிறதுதான் படம். அடைக்கலம்னு போற கோயில்லயும் பாதுகாப்பு இல்ல. கடைசியில குணசேகரன் குற்றவாளிக் கூண்டுல நின்னு பேசுறான். நிறுத்தாமப் பேசுறான்.

அஞ்சு வருஷம் முன்னாடி வாஷிங்டன்ல ஒரு எழுத்தாளரோட அறிக்கையைப் படிக்கவே விடலன்னு சொன்னேன் இல்லையா? இங்க எழுத்தாளர் ஒரு கோர்ட்டையே கட்டி, அதுல தன் பாத்திரத்தை நிறுத்தி, எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுன்னு விட்டுட்டார்.

எதிர்ப்பு உடனே வந்துச்சு. அப்போ சென்னை மாநில முதலமைச்சர் ராஜாஜி. சினிமாவே பிடிக்காதவர்னு பெயர் எடுத்தவர். படத்தைத் தடை பண்ணணும்னு காங்கிரஸ்காரங்க கிட்டயிருந்தும் ஆன்மீக வட்டாரத்துல இருந்தும் குரல். மாநில அரசு மத்திய அரசுகிட்ட போச்சு. தணிக்கை அப்போ மத்திய அரசு கையில. 1952ல வந்த சினிமாட்டோகிராஃப் சட்டத்தோட மை கூட காயல. படத்தை மறுபடி பார்த்தாங்க. வெட்டுக்கள் விழுந்துச்சு. ஆனா முழுத் தடை வரல.

வந்திருந்தாலும் வசனத்தை என்ன பண்ணியிருக்க முடியும்னு தெரியல. ஏன்னா அது தியேட்டரை விட்டு வெளிய போயிடுச்சு. வசனப் புத்தகம் அச்சாகி விற்றுது. சென்னை மூர் மார்க்கெட் பக்கம் தெருவுல வித்தை காட்டுறவங்க பக்கம் பக்கமா அந்த வசனத்தைப் பேசிக் காட்டிக் காசு வாங்கினாங்க. ரீல்ஸ் இல்லாத காலத்து வைரல். ஃபிலிமை வெட்டலாம், மனப்பாடம் பண்ணவன் வாயை எப்படி வெட்டறது?

ஏ.வி. மெய்யப்பன் கட்சிக்காரர் இல்ல, வியாபாரி. இந்த எபிசோடோட மையமே அதுதான். ஹாலிவுட் முதலாளிகளும் வியாபாரிகள்தான். அவங்க கணக்குல ட்ரம்போ பெயர் வந்தா படத்துக்கு எதிர்ப்பு, புறக்கணிப்பு, நஷ்டம். நம்ம ஊர் முதலாளி கணக்குல கருணாநிதி பெயர் வந்தா தியேட்டர் நிறையும். டைட்டில்ல அந்தப் பெயர் வரும்போதே கைதட்டல் விழுந்ததுன்னு அந்தக் காலத்து ரசிகர்கள் சொல்லுவாங்க. கொள்கையை விடுங்க, கணக்கு வேற மாதிரி வந்துச்சு. அதனால லிஸ்ட் வேற மாதிரி ஆச்சு.

பயம் இல்லைன்னு அர்த்தம் இல்ல

அதுக்காக இங்க எழுத்தாளர்கள் சுதந்திரமா திரிஞ்சாங்கன்னு நினைக்க வேண்டாம். 1952 டிசம்பர்ல வந்த 'பணம்' படத்துல, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இயக்கம், கருணாநிதி எழுத்து, கட்சியோட மூணு எழுத்தை வெச்சு ஒரு பாட்டு வரும். கேட்டா, அது திருக்குறள் சம்பந்தமான ஒரு கழகம்னு பாட்டுக்குள்ளயே விளக்கம். தியேட்டர்ல இருந்தவனுக்கு எந்தக் கழகம்னு தெரியும். தணிக்கைக்காரருக்கும் தெரியும். ஆனா திருக்குறள் மேல எப்படிக் கத்திரி வைக்கிறது?

1953 ஜூலையில 'திரும்பிப் பார்' ரிலீஸ், மாடர்ன் தியேட்டர்ஸ் படம். சிவாஜிக்கு வில்லத்தனமான ஹீரோ பாத்திரம். அது பிரதமர் நேருவைச் சீண்டுற பாத்திரம்னு அப்பவே பேச்சு. அதே ஜூலையில திமுகவோட மும்முனைப் போராட்டம். ராஜாஜியோட புதிய தொடக்கக் கல்வித் திட்டத்துக்கு எதிரா ஒரு முனை. எதிர்த்தவங்க அதுக்கு வெச்ச பெயர் குலக்கல்வித் திட்டம். இவங்க போராட்டங்களை நேரு 'நான்சென்ஸ்'னு சொன்னதைக் கண்டிச்சு ரயில் மறியல் இன்னொரு முனை. மூணாவது முனை, ஒரு ரயில்வே ஸ்டேஷன் பெயர்ப் பலகை.

விருத்தாசலம் ஜங்ஷன்ல திருச்சிப் பக்கம் போற பாசஞ்சர்ல ஏறினா பெண்ணாடம், அரியலூர் எல்லாம் தாண்டி, லால்குடிக்கு முன்னாடி ஒரு ஸ்டேஷன் வரும். கல்லக்குடி பழங்காநத்தம். அங்க டால்மியா சிமெண்ட் ஆலை வந்ததால ஊர் பெயரே டால்மியாபுரம் ஆயிருந்துச்சு. பழைய பெயர் வேணும்னு போராட்டம். 1953 ஜூலை 15 அன்னைக்கு அதை நடத்தினவர் 'பராசக்தி' வசனகர்த்தா. பலகையில கல்லக்குடின்னு தாளை ஒட்டிட்டுத் தண்டவாளத்துல படுத்தார். கைது. தொடர்ந்து துப்பாக்கிச் சூடு, ரெண்டு பேர் உயிர் போச்சு. அவருக்கு திருச்சி சிறையில மாசக்கணக்கில தண்டனை.

அமெரிக்கக் கதையில இந்த இடத்துல எழுத்தாளர் வாழ்க்கை நின்னு போச்சு. ஜெயிலுக்குப் போயிட்டு வந்த ட்ரம்போ பெயர் எந்தப் படத்துலயும் வரக்கூடாது. இங்க? கருணாநிதி வெளிய வந்த கொஞ்ச மாசத்துல, 1954 மார்ச்ல 'மனோகரா' ரிலீஸ் ஆச்சு. பம்மல் சம்பந்த முதலியாரோட நாடகம், எல்.வி. பிரசாத் இயக்கம், சிவாஜி, கண்ணாம்பா. தயாரிப்பு யார்னு பாருங்க: ஜூபிடர் பிக்சர்ஸ். ஆறு வருஷம் முன்னாடி 'அபிமன்யு'வுல பெயர் போடாம விட்ட அதே கம்பெனி, இப்போ ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவர் பெயரை விளம்பரமாவே பயன்படுத்துது.

இன்னைக்கு அந்த வழியா ரயில்ல போனா, பலகையில கல்லக்குடின்னுதான் இருக்கும்.

நாடகத்துக்கு ஒரு சட்டம்

சினிமாவுல பிடிக்க முடியாததை நாடகத்துல பிடிக்கலாம். 1876ல ஆங்கிலேய அரசு வங்காள நாடகங்களை அடக்க ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு. சுதந்திரம் வந்து ஏழு வருஷம் கழிச்சு, 1954ல சென்னை மாநிலம் தனக்குன்னு புதுசா ஒரு நாடக நிகழ்ச்சிச் சட்டம் போட்டுச்சு. நாடகப் பிரதியைக் கேட்டு வாங்கலாம், ஆட்சேபகரம்னு தோணினா நிறுத்தலாம். குறி யார் மேலன்னு ஊருக்கே தெரியும்: எம்.ஆர். ராதா. ஒரு நாடகத்தைத் தடை பண்ணா, அதையே வேற பெயர்ல மேடை ஏத்திடுவார்னு அவரைப் பத்திக் கதை கதையாச் சொல்லுவாங்க. ட்ரம்போ தன் பெயரை மாத்தினார், ராதா நாடகத்தோட பெயரை மாத்தினார்.

'கலைஞர்'ங்கிற பட்டத்தைக் கருணாநிதிக்குக் கொடுத்தவரும் இந்த ராதாதான். 'தூக்கு மேடை' நாடக சமயத்துல. 1948ல திரையில பெயரே வராத ஆளுக்கு, சொந்தப் பெயர் தேவைப்படாத அளவுக்கு ஒரு பெயர் கிடைச்சுது.

நம்ம ஊர்லயும் ஒதுக்கப்பட்டவங்க

எல்லாருக்கும் இந்தக் கணக்கு சாதகமா வரல. பின்னாடி நிற்க பெரிய கூட்டம் இல்லாத அரசியல் எழுத்தாளனோட நிலைமை வேற. 1940களோட கடைசியில சென்னை மாகாணத்துல கம்யூனிஸ்ட் கட்சியே தடை செய்யப்பட்டிருந்துச்சு. நிமாய் கோஷ்னு ஒரு வங்காளி, தேசப் பிரிவினை அகதிகளைப் பத்தி 1950ல 'சின்னமூல்' எடுத்தவர். அப்புறம் சென்னைக்கு வந்து ஒளிப்பதிவாளரா வேலை பார்த்தார். அவரும் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனும் இன்னும் பல இடதுசாரி நண்பர்களும் சேர்ந்து 1960ல 'பாதை தெரியுது பார்' எடுத்தாங்க. தொழிலாளர் வாழ்க்கை, தொழிற்சங்கம் பத்தின படம். ஆர்.கே. கண்ணன் கதை, ஜெயகாந்தன், பட்டுக்கோட்டை, கே.சி.எஸ். அருணாசலம் பாடல்கள். தேசிய விருதுல நற்சான்றிதழ் கிடைச்சுது. தியேட்டர்ல படம் நிக்கல. பாட்டு மட்டும் ஜனங்க ஞாபகத்துல தங்குச்சு.

அதைத் தடை பண்ண யாருக்கும் அவசியமே வரல. விநியோகமும் தியேட்டரும் சரியா அமையலைன்னாலே போதும், படம் தானா மறைஞ்சுடும்.

அதே 1960ல ஹாலிவுட்ல கதை திரும்புது. 'எக்ஸோடஸ்', 'ஸ்பார்ட்டகஸ்' ரெண்டுலயும் டால்டன் ட்ரம்போங்கிற பெயர் வெளிப்படையா வந்துச்சு. பிளாக்லிஸ்ட் உடைஞ்சது அங்கதான்னு வரலாற்றுல சொல்றாங்க. புதுச் சட்டம் எதுவும் வரல. பழைய சட்டம் எதுவும் போகல, ஏன்னா சட்டமே இல்லையே. ஒரு டைட்டில் கார்டு போட யாரோ துணிஞ்சாங்க, வானம் இடிஞ்சு விழல, அவ்வளவுதான். ஆனா பறிச்ச பெயரைத் திருப்பிக் கொடுக்க ரொம்ப நாள் ஆச்சு. 'ரோமன் ஹாலிடே' ஆஸ்கரை அவருக்குன்னு கொடுத்தது 1993ல. அவர் இறந்தது 1976ல. அந்தப் படத்துல எழுத்தாளர் சங்கம் அவர் பெயரை மீட்டுக் கொடுத்தது 2011ல.

நாற்காலி மாறினப்புறம்

1957ல கருணாநிதி குளித்தலையில ஜெயிச்சு சட்டமன்றத்துக்குப் போறார். 1967ல திமுக ஆட்சி. முதலமைச்சர் அண்ணா, 'வேலைக்காரி' எழுதினவர். 1969ல கருணாநிதி. மொத்தம் அஞ்சு முறை முதலமைச்சர்.

இங்க ஒரு கசப்பான பகுதி இருக்கு. ராதாவையும் இவங்க நாடகங்களையும் மடக்க 1954ல போட்டாங்களே ஒரு சட்டம், அதை என்ன பண்ணாங்க? ஒண்ணும் பண்ணல. அண்ணா இருந்தார், கலைஞர் இருந்தார், எம்.ஜி.ஆர். இருந்தார், ஜெயலலிதா இருந்தார். நாலு பேருமே சினிமாவிலயும் மேடையிலயும் இருந்து வந்தவங்க. சட்டம் அப்படியே இருந்துச்சு. பிரதியைப் போலீஸ்கிட்ட கொடுத்து அனுமதி வாங்குற பழக்கம் தொடர்ந்துச்சு. 1971ல சோ 'முகமது பின் துக்ளக்' நாடகத்தைப் படமா எடுத்தப்போ, அதைத் தடுக்கப் பார்த்ததா அவர் குற்றம் சாட்டினது திமுக ஆட்சியைத்தான்.

இதைப் பச்சையான கபடம்னு மட்டும் எடுத்துக்க வேண்டாம்னு தோணுது. எதிர்க்கட்சியில இருக்கும்போது ஆயுதமாத் தெரியற சட்டம், ஆளுங்கட்சி ஆனதும் டிராயர்ல கிடக்கிற ஒரு சாவி மாதிரி ஆயிடும். தினமும் எடுக்க மாட்டோம், ஆனா தூக்கிப் போடவும் மனசு வராது. எந்தக் கட்சிக்கும் வரல.

சாவி அவங்க மேலயே திரும்பின காலமும் வந்துச்சு. நெருக்கடி நிலை. 1976 ஜனவரி 31 அன்னைக்கு திமுக ஆட்சி கலைப்பு. கட்சிக்காரங்க நூற்றுக்கணக்கில மிசாவுல கைது. பத்திரிகைக்குத் தணிக்கை, யார் யார் கைதுன்னு செய்தி போட முடியாது. இதே சமயம் அரசுக்கு ஒத்துழைக்கலைன்னு கிஷோர் குமார் பாட்டு அகில இந்திய வானொலியில வரல. அது அரசே போட்ட நிஜ பிளாக்லிஸ்ட்.

பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அன்னைக்கு 'முரசொலி'யில ஒரு பட்டியல் வந்துச்சு. அண்ணா சமாதிக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்களோட பெயர்கள், அவ்வளவுதான். தணிக்கைக்காரருக்கு அது ஒரு அஞ்சலிக் குறிப்பு. தமிழ்நாடு முழுக்கப் படிச்ச கட்சிக்காரங்களுக்கு அதுதான் கைதானவங்க லிஸ்ட். எங்க அப்பா, எங்க அண்ணன் எங்கன்னு தெரியாம இருந்த வீடுகளுக்கு அது செய்தி.

எனக்கு இந்த மொத்தக் கதையிலயும் பிடிச்ச பக்கம் அந்தப் பட்டியல்தான். ராஜகுரு வேஷத்துல மத அதிகாரத்தைப் பேசினவர், திருக்குறளுக்குப் பின்னாடி கட்சியை வெச்சவர், இருபத்தஞ்சு வருஷ வசன அனுபவத்தையும் ஒரு பெயர்ப் பட்டியலுக்குள்ள வெச்சார். பிளாக்லிஸ்ட் பெயரை மறைக்கும். இவர் மறைக்கப்பட்ட பெயர்களை எடுத்து அச்சுல ஏத்தினார்.

சட்டம் கடைசியில எப்போ போச்சு?

1954 நாடகச் சட்டத்தோட முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013ல ரத்து பண்ணுச்சு. வழக்குப் போட்டவர் பத்திரிகையாளரும் 'பரீக்ஷா' நாடகக்குழு நடத்தினவருமான ஞாநி. திராவிடக் கட்சிகள் ஆட்சிக்கு வந்து 46 வருஷம் கழிச்சு, ஒரு தனி மனுஷன் கோர்ட்டுக்குப் போய் அந்தச் சாவியைப் பிடுங்கினார். கூட்டமில்லாத நாடகக்காரர் அவர். அந்தச் சட்டத்தோட உறுத்தல் அப்படிப்பட்டவங்களுக்குத்தான் கடைசி வரைக்கும் இருந்துச்சு.

அப்போ ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு வருவோம். எழுத்தாளரைத் துடைக்க அரசாங்கம் மட்டும் போதுமா? இந்த ரெண்டு கதையையும் வெச்சுப் பார்த்தா, போதாது. ராஜாஜி அரசுகிட்ட போலீஸ் இருந்துச்சு, சிறை இருந்துச்சு, டெல்லிக்கு எழுதக் கடிதம் இருந்துச்சு. அத்தனையும் சேர்ந்தும் ஒரு பெயரை டைட்டில் கார்டுல இருந்து எடுக்க முடியல, ஏன்னா முதலாளி ஒத்துழைக்கல. அமெரிக்காவுல சட்டமே இல்லாம பதிமூணு வருஷம் எடுக்க முடிஞ்சுது, ஏன்னா முதலாளி ஒத்துழைச்சார். முதலாளி எந்தப் பக்கம் சாய்வார்னு முடிவு பண்றது டிக்கெட் வாங்குற நாம.

இது பழைய கதை மட்டும் இல்ல. 2023 டிசம்பர்ல தணிக்கைச் சான்றிதழோட தியேட்டருக்கு வந்த படம் 'அன்னபூரணி'. 2024 ஜனவரியில நெட்ஃபிளிக்ஸ்ல இருந்து காணாமப் போச்சு. அரசுத் தடை இல்ல. எதிர்ப்பு வந்துச்சு, புகார் வந்துச்சு, தயாரிப்புத் தரப்பே மன்னிப்புக் கேட்டு எடுத்துட்டாங்க. படம் பிடிச்சுதா பிடிக்கலையாங்கிறது வேற விஷயம். கவனிக்க வேண்டியது அதை எடுத்த கை யாருடையதுன்னு.

அதனால ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த தடவை படம் பார்க்கும்போது 'ஸ்கிப் இன்ட்ரோ' பட்டனை அமுக்காதீங்க. முடியும்போது அடுத்த எபிசோடு தானா ஓட ஆரம்பிக்குமே, அதையும் நிறுத்திட்டு ஓடுற பெயர்களைக் கொஞ்சம் படிங்க. எழுதினது யார்னு பாருங்க. சிலருக்கு அந்த ஒரு வரி வர ஐம்பத்தெட்டு வருஷம் ஆகியிருக்கு.

உங்க ஊர்ல பெயர் மறைக்கப்பட்ட எழுத்தாளர், பாடலாசிரியர், நாடகக்காரர் கதை ஏதாவது தெரிஞ்சா எழுதி அனுப்புங்க, இன்னொரு எபிசோட்ல பேசலாம்.